இரண்டின் பத்தாம் அடுக்கு: கணிதத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், கணிதத் துறைத் தலைவர்கள், பாடத்திட்டக் குழு உறுப்பினர்கள்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

முதலில் ஒரு சோதனை. உங்கள் துறையின் பாடக்குறிப்பு ஒன்றைப் பிடிஎஃப் கோப்பாகத் திறந்துகொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை இயக்கி, 2-இன் அடுக்கு 10 அச்சாகியிருக்கும் வரியை வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் "இருநூற்றுப் பத்து" என்றுதான் கேட்கும். கண்ணுக்கு மேலேறி நிற்கும் பத்து, கோப்புக்குள் 2, 1, 0 என்று வரிசையில் நிற்கும் இலக்கங்களாகவே இருக்கிறது. ஏ கூட்டல் பி, அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே சி என்று அச்சான பின்னம் "ஏ கூட்டல் பி சி" ஆகிவிடும். பின்னக்கோடு அந்தக் கோப்பைப் பொறுத்தவரை எழுத்தே இல்லை, வெறும் வரைகோடு. வர்க்கமூலக் குறி எந்த உறுப்போடு முடிகிறது என்பதும் இப்படித்தான் தொலைந்துபோகிறது.

பார்வையற்ற மாணவர்கள் கணிதத்தை விட்டு விலக்கப்படுவது இந்த இடத்தில்தான். கணிதம் படிக்கக் கண் வேண்டும் என்ற பேச்சை வரலாறு எப்போதோ தள்ளிவிட்டது. குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்த நிக்கோலஸ் சாண்டர்சன் 1711-இல் கேம்பிரிட்ஜின் லூக்கேசியன் கணிதப் பேராசிரியர் ஆனார். ரஷ்யக் கணிதவியலாளர் பொன்த்ரியாகின் 14 வயதில் பார்வை இழந்தவர். கோளத்தை உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டும் இடத்தியல் வழியை உருவாக்கியவர்களில் ஒருவரான பெர்னார் மோரின் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். இவர்களுக்கு யாரோ ஒருவர் அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டினார்கள். இன்று அந்த வேலையைக் கணினி செய்ய முடியும். ஆனால் சூத்திரத்தின் கட்டமைப்பு எது என்று கணினிக்குச் சொல்லித்தர கணிதம் தெரிந்தவர் வேண்டும். கணிதத் துறைகளுக்கு இந்த மடலை எழுதுவதற்கு அதுவே காரணம்.

மசகாசு சுசுகி என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கலப்பெண் தளத்தில் ஒரு கோட்டை இயற்கணித முறையில் எப்படிப் பதித்தாலும், தளத்தின் ஏதோ ஒரு தன்னுருமாற்றத்தால் அதை நேர்க்கோடாக்கிவிடலாம் என்ற தேற்றத்தை அப்யங்கர்–மோ தேற்றம் என்று சொல்லித்தருகிறோம். அதன் முழுப் பெயரில் மூன்றாவதாக நிற்பவர் சுசுகி. அப்யங்கரும் மோவும் 1975-இல் வெளியிட்டதை, இடத்தியல் வழியாகச் சென்று 1974-இலேயே பிரெஞ்சில் எழுதியவர் அவர். சென்னையில் பிறந்த சி. பி. ராமானுஜம் 1971-இல் இடத்தியலைக் கொண்டு அடையாளம் காட்டியதும் இதே தளத்தைத்தான். கியூஷு பல்கலைக்கழகத்தில் கலப்பெண் பகுப்பாய்வுப் பேராசிரியராக இருந்த சுசுகி, தம் பணிக்காலத்தின் பிற்பாதியை இன்ஃப்டி என்ற திட்டத்துக்குக் கொடுத்தார். அச்சிட்ட கணிதப் பக்கத்தைப் படமெடுத்துத் தந்தால், பார்வையற்றவர் கேட்டும் தொட்டும் வாசிக்கக்கூடிய கோப்பாக அதை மாற்றும் மென்பொருள் அது. இன்ஃப்டி ரீடர் என்ற பெயரில் இன்றும் பல நாடுகளில் புழங்குகிறது.

இதை ஒரு கணிதப் பேராசிரியர் கணிதத்தை விட்டுவிட்டுச் செய்த தொண்டு என்று எண்ணுவது தவறு. அந்த மென்பொருளின் நடுப்பகுதியைப் பார்த்தால் இது விளங்கும். பக்கத்தை உரை, சூத்திரம், படம் என்று பிரித்து, ஒவ்வொரு குறியையும் அடையாளம் கண்டபின், எந்தக் குறி எதற்கு மேலொட்டு, எது கீழொட்டு, எது அதே வரியில் என்று தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் பல அடையாளங்கள் சாத்தியம். அது பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதே பக்கத்துக் குறியின் அளவைப் பொறுத்தது. ஆகவே அடுத்தடுத்த குறிகளுக்கு இடையே சாத்தியமான எல்லா உறவுகளையும் ஒரு வலைப்பின்னலாக வரைந்து, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு விலை வைத்து, கணித எழுத்துமுறை விதிகளை மீறாத மிகக்குறைந்த விலையுள்ள விரிமரத்தை, அதாவது எல்லாக் குறிகளையும் சுழற்சியின்றி இணைக்கும் மரத்தை, தேடுகிறார்கள். மரம் கிடைத்தால் சூத்திரம் கிடைத்துவிட்டது. இந்த முறையைச் சோதிக்க அவர் குழு தூய கணித ஆய்வுக் கட்டுரைகளின் 476 பக்கங்களை எடுத்து, அவற்றில் உள்ள 6,88,580 குறிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தரவுத்தொகுப்பாக வெளியிட்டது. அந்த அலுப்பான வேலைதான் மற்றெல்லாவற்றுக்கும் அடித்தளம். எது சரியான விடை என்று தெரியாமல் படத்திலிருந்து எழுத்தை அறியும் நிரலான எழுத்துணரி எதையும் திருத்த முடியாது.

இதில் துல்லியம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு குறியைச் சரியாக அடையாளம் காணும் வாய்ப்பு 99 சதவீதம் என்று வையுங்கள். 30 குறிகள் கொண்ட சூத்திரம் முழுதும் சரியாக வரும் வாய்ப்பு 0.99-இன் அடுக்கு 30, அதாவது ஏறத்தாழ 0.74. நான்கில் ஒரு சூத்திரம் பிழையாக வரும். குறியளவில் 99.9 சதவீதம் எட்டினால்தான் சூத்திர அளவில் 97 சதவீதம் கிடைக்கும். கதைப்புத்தகத்தில் ஓர் எழுத்து மாறினால் வாசகர் ஊகித்துவிடுவார். கணிதத்தில் கழித்தல் குறி ஒன்று விழுந்தால் மாணவர் தன் புரிதலைத்தான் சந்தேகிப்பார்.

பழைய நூலை ஒளிவருடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லாதபோது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் நல்லது. 400-க்குக் கீழே போனால் கீழொட்டின் புள்ளியும் காற்புள்ளியும் ஒன்றாகிவிடும். சாம்பல் நிறச் சாயல்கள் இல்லாத கறுப்பு வெள்ளையாக, டிஃப் வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வடிவம் எழுத்தின் ஓரங்களில் அழுக்கைச் சேர்க்கிறது. ஏ4 பக்கம் ஒன்று 600 புள்ளி அடர்த்தியில் 4,960-க்கு 7,016 புள்ளிகள். சுருக்காமல் வைத்தாலே 4.35 மெகாபைட்டுதான். இடம் போதாது என்ற சாக்குக்கு இங்கே வேலை இல்லை. கைப்பேசியில் எடுத்த படத்தில் நூலின் முதுகருகே வரிகள் வளைந்துவிடும். வளைந்த வரியில் அடுக்கு எது, அடுத்த எழுத்து எது என்று பிரிப்பதில் நிரல் தடுமாறும். பைண்டிங்கைப் பிரித்துத் தட்டையாக வைத்து எடுப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும். எடுத்தபின் ஒன்று, சிறிய எல், பெரிய ஐ ஆகிய மூன்றையும், எக்ஸ் எழுத்தையும் பெருக்கல் குறியையும், வி எழுத்தையும் கிரேக்க நியூவையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அந்த ஒருவர் அந்தப் பாடம் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஆனால் இதைவிட எளிதான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் துறையில் தட்டச்சாகும் ஒவ்வொரு குறிப்புக்கும் வினாத்தாளுக்கும் ஒரு மூலக்கோப்பு உண்டு. அதில் கட்டமைப்பு முழுதாக இருக்கிறது. அதை அச்சிட்டு, அச்சைப் படமெடுத்து, படத்திலிருந்து கட்டமைப்பை மீண்டும் தேடுவது, அரைத்த மாவிலிருந்து அரிசியைப் பொறுக்குவதற்குச் சமம்.

லேட்டெக் என்ற கணிதத் தட்டச்சு மொழியில் எழுதுபவர்களுக்கு இத்தாலியின் துரின் பல்கலைக்கழகக் கணிதத் துறை ஒரு வழி காட்டியிருக்கிறது. வகைக்கெழுச் சமன்பாடுகளில் ஆய்வு செய்த பேராசிரியர் அன்னா கப்பியெத்தோவும் அவரது சகாக்களும், அதே துறைக்குள் ஓர் ஆய்வகம் அமைத்து ஆக்சஸிபிலிட்டி என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். ஆவணத்தின் தொடக்கத்தில் ஒரே வரியில் அதை அழைத்தால், பிடிஎஃப் உருவாகும்போதே ஒவ்வொரு சூத்திரத்தின் பின்னாலும் அதன் லேட்டெக் மூலம் மறைவாகப் பதிந்துவிடும். திரைவாசிப்பான் அதைப் படிக்கும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தனி வரிச் சூத்திரத்தை இரட்டை டாலர் குறிகளுக்குள் எழுதும் பழைய பழக்கத்தைத் தொகுப்பு கண்டுகொள்ளாது. பின்சாய்கோட்டோடு கூடிய சதுர அடைப்புக்குறிகளையோ சமன்பாட்டுச் சூழலையோ பயன்படுத்த வேண்டும். அடுத்து, ஆசிரியர் தம் வசதிக்காக வரையறுத்துக்கொண்ட குறுங்கட்டளைகள் அப்படியே ஒலிக்கும். மெய்யெண் கணத்துக்கு ஆசிரியர் வைத்த ஈரெழுத்துச் சுருக்கம் மாணவருக்கு இரண்டு எழுத்துகளாக மட்டுமே கேட்கும். கோப்பை மாற்றும்முன் அவற்றை நிலையான கட்டளைகளாக விரித்துவிட வேண்டும்.

இன்னும் நல்லது, வலைப்பக்க வடிவில், சூத்திரத்தின் கட்டமைப்பைக் குறிக்கும் மேத்எம்எல் என்ற குறிமொழியாகவே தருவது. 2023 ஜனவரியில் வந்த குரோம் 109 முதல் அந்த உலாவியிலும் மேத்எம்எல் நேரடியாகத் தெரிகிறது. ஃபயர்ஃபாக்ஸில் அதற்கு முன்பிருந்தே உண்டு. லேட்டெக் கோப்பையோ வேர்ட் கோப்பையோ பான்டாக் என்ற கட்டற்ற மென்பொருளில் கொடுத்து, மேத்எம்எல் வேண்டும் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். அதைத் தொடங்கி வளர்த்தவர் ஜான் மெக்ஃபார்லேன், பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். ஒரு துறையின் ஆள் தன் தேவையை உணர்ந்து எழுதிய மென்பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

வேர்டில் தட்டச்சு செய்பவர்கள் ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால் வரும் சமன்பாட்டுப் பெட்டியில் மட்டும் எழுதட்டும். பழைய ஈக்குவேஷன் எடிட்டர் 3.0-இல் செய்தவை திரைவாசிப்பானுக்கு வெறும் படங்கள். மைக்ரோசாஃப்டே 2018 ஜனவரியில் பாதுகாப்புக் காரணத்தால் அந்தக் கருவியை நீக்கிவிட்டது. ஆனாலும் ஆண்டுதோறும் நகலெடுத்துத் திருத்தப்படும் வினாத்தாள்களுக்குள் அந்தப் படங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

தமிழ்வழிப் பாடம் என்று வந்தால் சூத்திரத்துக்கு முன்பே உரை தடுக்கிவிடும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழ். உள்ளே ஆங்கில எழுத்துகளின் குப்பை. திரைவாசிப்பான் அந்தக் குப்பையைத்தான் ஒலிக்கும். யூனிகோடும், டேஸ்16 என்ற 16-பிட் தமிழ்க் குறியாக்கமும் தமிழ்நாடு அரசின் குறியாக்கங்களாக 2010-இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டன. அச்சகம் எந்த எழுத்துருவைக் கேட்டாலும், மூலக்கோப்பை யூனிகோடில் வைத்திருக்க வேண்டியது துறையின் பொறுப்பு. எழுத்துணரி வழியாக வந்த தமிழில் இன்னொரு பொறி உண்டு: க என்ற எழுத்தும் தமிழ் எண் ஒன்றும், உ-வும் தமிழ் எண் இரண்டும், எ-வும் தமிழ் எண் ஏழும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். குறியீட்டெண்ணைத் தேடிப் பார்க்காமல் இந்தப் பிழை அகப்படாது.

இனி வருவதுதான் இந்த மடலின் உயிர்நாடி. சூத்திரத்தின் கட்டமைப்பு கோப்பில் சரியாக இருந்தாலும், அதைத் தமிழில் எப்படி வாசிப்பது? இன்று மேத்எம்எல்லை வாசிக்க என்விடிஏவோடு பயன்படும் மேத்கேட் என்ற கருவியை நீல் சாய்ஃபர் உருவாக்கினார். வாசிப்பு விதிகளை அவர் நிரலுக்குள் புதைத்துவிடவில்லை. மொழிக்கு ஒரு கோப்புறை, அதில் சாதாரண உரைக்கோப்புகளாக விதிகள். குறிகளின் பெயர்கள் ஒரு கோப்பில், பின்னம், அடுக்கு, மூலம் போன்றவற்றை வாசிக்கும் விதிகள் இன்னொன்றில், சூத்திரத்துக்குள் அம்புக்குறி விசைகளால் நகரும்போது சொல்ல வேண்டியவை வேறொன்றில். நிரலாக்கம் அறியாத ஒரு கணித ஆசிரியரும் திறந்து திருத்தலாம். ஆங்கிலக் கோப்பை எடுத்துச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் வருவது தமிழாகவும் இராது, கணிதமாகவும் இராது.

பின்னத்தைப் பாருங்கள். தமிழில் 2/3 என்பது "மூன்றில் இரண்டு". பகுதி முதலில் வருகிறது, தொகுதி பிறகு. ஆங்கில விதியின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஜப்பானியத்திலும் இதே கதைதான். அங்கும் "மூன்று பங்கில் இரண்டு" என்றே சொல்கிறார்கள். சுசுகியின் குழுவினர் தங்கள் மென்பொருளில் ஒவ்வொரு குறிக்கும் கோவைக்கும் எப்படி வாசிக்க வேண்டும் என்று பயனரே குறிப்பிட வழி வைத்ததற்கு இத்தகைய சிக்கல்களே காரணம். எண்களுக்கு "மூன்றில் இரண்டு" அழகு. ஆனால் எக்ஸுக்குக் கீழே எக்ஸ் கூட்டல் ஒன்று வரும்போது? "எக்ஸ் கூட்டல் ஒன்றில் எக்ஸ்" என்றால், எக்ஸோடு 'ஒன்றில் எக்ஸ்' கூடுகிறதா, முழுக் கோவையும் பகுதியா என்று தெரியாது. எங்கள் பரிந்துரை: தொகுதியும் பகுதியும் சிறிய முழு எண்களாக இருந்தால் மட்டும் இயல்பு வழக்கு, மற்ற எல்லா இடத்திலும் "பின்னம், தொகுதி இன்னது, பகுதி இன்னது, பின்னம் முடிந்தது". நீளம்தான், ஆனால் ஐயத்துக்கு இடமில்லை. வகுப்பறையில் "எக்ஸ் பை ஒய்" என்று சொல்லும் பழக்கத்தையும் மூன்றாவது தேர்வாக வைக்கலாம். மாணவர் காதுக்குப் பழகியது அதுதான்.

வர்க்கமூலம் இன்னும் கடினம். ஆங்கிலத்தில் மூலத்தின் பெயர் முன்னால் வருவதால், அது எங்கே முடிகிறது என்பது மட்டும்தான் ஐயம். தமிழில் "எக்ஸ் கூட்டல் ஒன்பதின் வர்க்கமூலம்" என்கிறோம். பெயர் பின்னால் வருவதால் மூலம் எங்கே தொடங்கியது என்பதே ஐயமாகிவிடுகிறது: எக்ஸோடு மூன்றைக் கூட்டுவதா, எக்ஸ் கூட்டல் ஒன்பது முழுதுக்கும் மூலமா? கேட்பவர் ஏற்கெனவே கேட்டு முடித்ததைத் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொகையீட்டில் இதே சுமை பெருகுகிறது. "பூச்சியத்திலிருந்து ஒன்று வரை" என்று தொடங்கி, பத்துச் சொற்களில் ஒரு சார்பைச் சொல்லி, "எக்ஸைப் பொறுத்துத் தொகையீடு" என்று முடிப்பது நல்ல தமிழ். ஆனால் இத்தனை நேரம் எதற்காக இதை நினைவில் வைத்திருக்கிறோம் என்று கடைசிச் சொல் வரும்வரை மாணவருக்குத் தெரியாது. இங்கே இலக்கணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. செயலியின் பெயர் முதலில், உறுப்புகள் பின்னால், முடிவுக்குறி கடைசியில்.

வேற்றுமை உருபு மற்றொரு முட்டுக்கட்டை. எழுத்தில் இடையே சிறுகோடு போட்டு உருபைச் சேர்த்துவிடுகிறோம். உரையைக் குரலாக்கும் ஒலித்தொகுப்பி அதை "எக்ஸ்... இன்" என்று வெட்டி வாசிக்கும். நூறோடு இன் சேர்ந்தால் நூற்றின், ஆயிரத்தோடு சேர்ந்தால் ஆயிரத்தின், எக்ஸோடு ஐ சேர்ந்தால் எக்ஸை. எண்ணுப்பெயர்களுக்கும் ஆங்கில, கிரேக்க எழுத்துப் பெயர்களுக்கும் உருபேற்ற வடிவங்களைப் பட்டியலிட்டுத் தர வேண்டும். அல்லது விதிகளையே உருபு தேவைப்படாதபடி அமைக்க வேண்டும்: "அடுக்கு பத்து, அடிமானம் இரண்டு" என்பதுபோல. எது காதுக்கு எளிது என்பதை இருந்த இடத்திலிருந்து தீர்மானிக்க முடியாது; பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் எழுதியதைச் சரிபார்த்துத்தான் சொல்ல முடியும். கலைச்சொல்லிலும் ஒரே தமிழ் இல்லை. இங்கே அணி என்பது இலங்கைப் பாடநூலில் தாயம். விதிக்கோப்பு இரண்டு வழக்கையும் தாங்க வேண்டும். யாழ்ப்பாணத்து மாணவரும் இதைத்தான் பயன்படுத்தப் போகிறார்.

கணிதம், இலக்கணம், கேட்பவரின் நினைவாற்றல் மூன்றும் சந்திக்கும் இந்த வேலையை யாரிடம் கொடுப்பது? மொழிபெயர்ப்பு நிறுவனத்திடமா? சொல்லுங்கள். இது முனைவர் பட்டத்துக்கு உரிய ஆய்வு.

பிரெயிலைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இந்தியாவில் கணிதத்துக்கு வழங்குவது நெமெத் குறிமுறை. ஆப்ரகாம் நெமெத்தும் பார்வையற்ற கணிதப் பேராசிரியர்தான். பிரெயிலில் ஒரு கட்டம் என்பது 1 முதல் 6 வரை எண்ணிட்ட புள்ளிகள் கொண்ட ஓர் எழுத்திடம். எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்று என்பது நெமெத்தில் ஆறு கட்டம்: எக்ஸ், மேலே ஏறு (4, 5 புள்ளிகள்), இரண்டு, கீழே இறங்கு (5-ஆம் புள்ளி), கூட்டல், ஒன்று. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் எண் ஒன்று 1-ஆம் புள்ளி; நெமெத்தில் அது ஒரு படி இறங்கி 2-ஆம் புள்ளி. கே என்ற மாறியும் க என்ற தமிழ் எழுத்தும் 1, 3 என்ற அதே புள்ளிகள். 3, 4, 5, 6 புள்ளிகள் சேர்ந்த கட்டம் எண்ணின் தொடக்கத்தையும் காட்டும், பின்னத்தின் முடிவையும் காட்டும். ஆகவே தமிழ் உரையையும் சூத்திரத்தையும் ஒரே அட்டவணையால் மாற்றினால் பக்கம் பாழாகும். எது உரை, எது கணிதம் என்று மூலக்கோப்பிலேயே பிரிந்திருக்க வேண்டும். படங்களில் கோட்டுக்கும் பெயர்க்குறிக்கும் இடையே குறைந்தது 3 மில்லிமீட்டர் வெளி விடுங்கள். இல்லாவிட்டால் விரலுக்கு இரண்டும் ஒன்றே.

இப்படிப்பட்ட மென்பொருளில் இறங்கும் பேராசிரியருக்கு நம் பல்கலைக்கழகம் என்ன தருகிறது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் உள்ள ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் அறிவியலில் ஒரு கட்டுரைக்கு 8, முழுப்பாட மின்னூலுக்கு 12, மூக் எனும் திறந்த இணையவழிப் பாடம் முழுதுக்கும் 20 என்று வரிகள் உண்டு. மக்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தும் ஒரு மென்பொருளுக்கோ, ஒரு மொழியின் கணித வாசிப்பு விதித்தொகுப்புக்கோ தனி வரி இல்லை. இந்த நிலையில் ஓர் இளம் உதவிப் பேராசிரியர் எதைத் தேர்வார் என்பதைக் குறை சொல்ல முடியாது. மாற்ற வேண்டியது அட்டவணை. அது மாறும்வரை, ஆய்வேடாகவும் துறைப் பணியாகவும் இதை ஏற்கும் அதிகாரம் உங்கள் பாடத்திட்டக் குழுவிடமே இருக்கிறது.

இத்தகைய முயற்சிகள் எங்கே சாகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே மாணவர் எழுதிய நிரல், அவர் படிப்பு முடித்துப் போனதும் யாருக்கும் புரிவதில்லை. இன்ஃப்டி ரீடரே விண்டோஸில் மட்டும் இயங்குகிறது, விலைக்குத்தான் கிடைக்கிறது, உரைப்பகுதிக்கு உரிமம் பெற்ற வெளி எழுத்துணரியை நம்பியிருக்கிறது. தமிழ் அதன் மொழிப் பட்டியலில் இல்லை. அவ்வளவு நல்ல வேலைக்கும் அந்த எல்லைகள் உண்டு என்றால், நாம் தொடக்கத்திலேயே கட்டற்ற உரிமத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நிரலும் விதிக்கோப்பும் சோதனைத் தரவும் பொதுவெளியில் இருக்கட்டும். இன்னொரு தவறு, பார்வையற்ற பயனரைக் கடைசி நாளில் அழைத்து "எப்படி இருக்கிறது" என்று கேட்பது. அவர் முதல் வாரத்திலிருந்து குழுவில் இருக்க வேண்டும்; அதற்கு மதிப்பூதியம் தர வேண்டும்.

பதிப்புரிமை தடுக்கிறது என்று சில அலுவலகங்கள் சொல்கின்றன. 2012 திருத்தத்துக்குப் பின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே அணுகத்தக்க வடிவில் மாற்றுவதற்கு விலக்குத் தந்துவிட்டது. பார்வையற்றோருக்கு நூல்களை அணுகத்தக்க வடிவில் தர வழிவிடும், 2013-இல் உருவான மரக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி நிறுவனங்களின் கடமையைத் தெளிவாக எழுதியிருக்கிறது. சட்டம் எதிரில் நிற்கவில்லை, உங்கள் பக்கம் நிற்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை மிகப் பெரியதல்ல. துறையில் உருவாகும் ஒவ்வொரு குறிப்பின், வினாத்தாளின் மூலக்கோப்பும் பிடிஎஃப்போடு சேர்த்துத் துறைச் சேமிப்பகத்தில் வைக்கப்பட வேண்டும் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை இந்தப் பருவத்திலேயே வரட்டும். முதுநிலை இறுதியாண்டுத் திட்டப்பணிகளில் இரண்டு, தமிழ்க் கணித வாசிப்பு விதிகளுக்கு ஒதுக்கப்படட்டும். ஒன்றைத் தமிழ்த் துறையோடு சேர்ந்து நடத்துங்கள். விருப்பமுள்ள ஒரு பேராசிரியருக்கு வாரத்துக்கு நான்கு பாடவேளைகள் குறைத்துத் தாருங்கள். பொறுப்பு அவர் பெயரில் இல்லாமல் துறையின் பெயரில் இருக்கட்டும், அப்போதுதான் அவர் ஓய்வு பெற்றாலும் வேலை நிற்காது.

தொடங்குவதற்குப் பதினோராம் வகுப்புக் கணிதத்தின் இரண்டாம் தொகுதியில் உள்ள "அணிகளும் அணிக்கோவைகளும்" பாடத்தைப் பரிந்துரைக்கிறோம். நிரை, நிரல் என்று அட்டவணையாக நகர்ந்து வாசிக்க வேண்டியிருப்பதால், கருவியின் குறைகள் எல்லாம் அதில் முதல் நாளே வெளிப்படும். மாற்றி முடித்ததும் திரையை அணைத்துவிட்டு ஐந்து இடங்களைக் கேட்டுப் பாருங்கள்: இரண்டின் அடுக்கு பத்து, ஏ கூட்டல் பியின் கீழ் சி, எக்ஸ் கூட்டல் ஒன்பது முழுதின் வர்க்கமூலமும் எக்ஸின் வர்க்கமூலத்தோடு ஒன்பதும் என்ற இணை, இரண்டு நிரை மூன்று நிரல் கொண்ட ஓர் அணி, எல்லைகளோடு கூடிய ஒரு கூட்டுத்தொகை. கேட்டதைக் கேட்டபடியே ஒருவர் தாளில் எழுதட்டும். எழுதியதும் மூலமும் ஐந்து இடத்திலும் ஒத்துப்போனால், அந்தக் கோப்பை மாணவரிடம் கொடுக்கலாம். ஓர் இடத்தில் தவறினாலும், எந்த விதி தவறியது என்று குறித்து எங்களுக்கு அனுப்புங்கள்; திருத்தித் தரும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணித நூல்களை ஒலிக்கும் பிரெயிலுக்கும் மாற்றும் பணியில் இருப்போர்